இன்னும் எத்தனை நாள் ஓட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 40. பதினைந்து வருடமாகச் சிகரெட் பிடிக்கிறேன், தினமும் ஒரு பாக்கெட். உடற்பயிற்சி செய்தால் பழக்கம் தானாக விட்டுப்போகும் என்றார்கள். ஆறு மாதமாகக் காலையில் ஓடுகிறேன். ஓடி முடித்து வந்ததும் ஒன்றைப் பற்றவைத்துவிடுகிறேன். இன்னும் எத்தனை நாள் ஓட வேண்டும்?

பதில்: இன்னும் ஆறு வருடம் ஓடினாலும் தானாக விட்டுப்போகாது. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஆறு மாதம் விடாமல் ஓடுகிறவரிடம் மனஉறுதிக்குக் குறைவில்லை. அது வேறு நேரத்தில் செலவாகிக்கொண்டிருக்கிறது.

சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு உடற்பயிற்சி உதவுகிறதா என்று பார்த்த 24 ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் தொகுத்தது. ஏழாயிரம் பேருக்கு மேல். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உடற்பயிற்சியால் கூடுதலாகப் பலர் விட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பத்து நிமிடம் வேகமாக நடந்தால் அப்போதைக்குச் சிகரெட் ஆசை குறைகிறது. நடந்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கிறது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

சிகரெட்டுக்கு அடிமையாக்கும் நிகோடின், ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். உடனே உடம்பு அடுத்ததைக் கேட்கும். ஆறு மணிக்கு ஓடிய ஓட்டம் பதினொரு மணித் தவிப்புக்கு என்ன செய்யும்? நானும் புகைத்து விட்டவன்தான். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் விரல்கள் சட்டைப்பைக்குப் போய்விடும். விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் காலிப் பையைத் தொட்டுப் பார்க்கும். அந்தத் தவிப்பு உச்சத்தில் நிற்பது சில நிமிடம்தான். உட்கார்ந்தே இருந்த நாட்களில் தோற்றேன். எழுந்து மாடிப்படியில் நாலு முறை ஏறி இறங்கிய நாட்களில், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அது கடந்து போயிருந்தது.

அப்புறம், மருத்துவரையும் பாருங்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், மாத்திரைகள் எல்லாம் இருக்கின்றன. இவை விடுகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். நடை இவற்றுக்குத் துணையாக இருக்கட்டும். காலை ஓட்டத்தையும் நிறுத்த வேண்டாம். சிகரெட்டை விட்ட முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ எடை கூடும். அதற்குப் பயந்தே மறுபடி பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் 'எத்தனை நாள்' என்று கேட்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் கவனித்து ஆய்வாளர் ரிச்சர்ட் டாலும் அவருடைய சகாக்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 40 வயதில் விட்டவர்கள் தொடர்ந்து புகைத்தவர்களைவிட ஏறக்குறைய 9 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். 50-ல் விட்டவர்களுக்குக் கிடைத்தது 6.

சரி, இந்த வாரத்திலேயே ஒரு நாளைக் குறியுங்கள். முந்தின இரவே வீடு, வண்டி, அலுவலக மேசை என்று எங்கெல்லாம் பாக்கெட்டும் லைட்டரும் இருக்கின்றனவோ, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மறுநாள் ஓடி முடித்து வந்து கை அந்த முதல் சிகரெட்டைத் தேடும்போது, ஷூவைக் கழற்றாதீர்கள். திரும்பவும் வெளியே போய் இன்னும் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.