தென் துருவத்தில் கிழக்கு எது?

கேள்வி: மகளின் புவியியல் பாடத்தில் ‘துருவக் கீழைக்காற்று’ என்று போட்டிருக்கிறது. படத்திலோ அம்புக்குறி மேற்கே போகிறது. எது சரி? தென் துருவத்தில் நின்றால் எல்லாப் பக்கமும் வடக்குதானே, அங்கே கிழக்கு ஏது?
– வாசகி, விருதுநகர்

பதில்: இரண்டும் சரிதான். காற்று எங்கிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் பெயர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்கிறோமே, அதே வழக்கம். அம்புக்குறி காற்று போகிற பக்கத்தைக் காட்டுகிறது.

துருவத்தில் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கி, வெளிப்பக்கமாகப் பரவுகிறது. தென் துருவத்திலிருந்து வடக்கே கிளம்பும் காற்றை, பூமியின் சுழற்சி இடப்பக்கம் திருப்பிவிடும். வடக்கே பார்த்து நிற்பவருக்கு இடக்கைப் பக்கம் மேற்கு. வட துருவத்திலிருந்து தெற்கே கிளம்புவது வலப்பக்கம் திரும்பும், அதுவும் மேற்குதான். மகளை எழுந்து நின்று திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே பிடிபடும். ஏறத்தாழ 60 டிகிரி அட்சரேகை வரைதான் இது. அதைத் தாண்டினால் மேலைக்காற்று.

வானிலைப் பணிக்காக அண்டார்டிகாவில் நம் மைத்ரி நிலையத்தில் ஒரு குளிர்காலம் இருந்தேன். இரண்டு மாதம் போல சூரியனே கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் கொடியைப் பார்ப்பேன். பெரும்பாலான நாள் வடமேற்கே நீட்டிக்கொண்டு நிற்கும், ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். அதாவது காற்று தென்கிழக்கிலிருந்து. தெற்கே உயர்ந்து கிடக்கும் பனிமேட்டிலிருந்து குளிர்காற்று, ஓட்டுக்கூரையில் மழைநீர் வழிவதுபோல இறங்கி வரும்; வருகிற வழியில் இடப்பக்கம் திரும்பிவிடும். பாடத்தில் படித்ததை அந்தக் கொடியில் கண்ணால் கண்டேன்.

இந்தச் சரிவுக்காற்றின் முழு வேகத்தை அனுபவித்தவர்கள், அண்டார்டிகாவை ஆராயப் போன ஆஸ்திரேலியர் டக்ளஸ் மாசனின் குழுவினர். 1912 மே மாதம் டெனிசன் முனையில் அவர்கள் அளந்த காற்றின் சராசரி மணிக்கு ஏறக்குறைய 98 கிலோமீட்டர். ஒரு நாள் வீச்சு அல்ல, மாதம் முழுவதற்குமான சராசரி! நம் வானிலைத் துறை 89 கிலோமீட்டரிலேயே தீவிரப் புயல் என்று அறிவித்துவிடும். அவர்கள் காற்றின் மேல் சாய்ந்தே நடக்கப் பழகினார்கள். சட்டென்று காற்று நின்றால் குப்புற விழுவார்கள்.

வட துருவத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே பனிமேடு இல்லை, உறைந்த கடல்தான். காற்றும் பலவீனம், திசையும் அடிக்கடி மாறும். இரண்டு துருவத்துக்கும் ஒரே அளவில் அம்பு போடுவது எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், உங்கள் இரண்டாவது கேள்வி. அருமையான கேள்வி. துருவப் புள்ளியில் இருக்கும் அமெரிக்காவின் அமுன்சென்–ஸ்காட் நிலையத்தில், கிரீன்விச் தீர்க்கரேகை போகும் பக்கத்தை ‘வடக்கு’ என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் காற்று பெரும்பாலும் வடக்குக்கும் கிழக்குக்கும் இடையிலிருந்து வருகிறது. அதனால் காற்றின் தூய்மையை அளக்கும் கூடத்தை அந்தப் பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். நிலையத்தின் புகை அங்கே எட்டுவது அபூர்வம்.