பத்துக் குரலும் ஒரு பம்பையும்

கேள்வி: ஊர்ப் பொங்கல் விழாவுக்காக ஆறு பெண்களும் நான்கு ஆண்களும் ஒரு வள்ளிக் கும்மிப் பாட்டைப் பழகி வருகிறோம். புல்லாங்குழல், கிளாரினெட், கீபோர்டு, பம்பை ஆகியவை உடன் வாசிக்கின்றன. 5 கட்டைச் சுருதியில் எடுத்தால் ஆண்களுக்கு எட்டவில்லை. 1 கட்டையில் பெண்களின் குரல் அமுங்குகிறது. வாத்தியங்கள் சேர்ந்ததும் சொல்லே கேட்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடிய கலை இது, வள்ளிக் கும்மிக் கலைஞர் தேக்கம்பட்டி பத்திரப்பன் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இருபாலரும் சேர்ந்து பாடும்போது கட்டைச் சிக்கல் வருவது இயல்பு.

பாட்டு எந்தச் சுரம் வரை ஏறுகிறது, எதுவரை இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். கீழ் சட்ஜத்துக்கும் (ச) மேல் சட்ஜத்துக்கும் இடையில் அடங்குமானால் 3 கட்டை பொருந்தும்; ஆனாலும் நான் 2½ கட்டையையே சொல்வேன். உச்சியில் ஆண்களுக்கு மூச்சு முட்டாது என்பது ஒரு காரணம், கிளாரினெட் மற்றொன்று. பி ஃபிளாட் கிளாரினெட்டில் 'சி' என்று எழுதியதை வாசித்தால் பி ஃபிளாட்தான் ஒலிக்கும் என்பதால், கிளாரினெட்காரருக்குரிய தாளில் ஒவ்வொரு சுரத்தையும் கீபோர்டில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு விசை மேலே தள்ளி எழுதித் தர வேண்டும். அப்போது 3 கட்டை, அதாவது 'ஈ' சுருதிப் பாட்டு அவருக்கு எஃப் ஷார்ப்பில் விழுந்து விரலைச் சிக்கவைக்கும்; 2½ கட்டையோ, அதாவது ஈ ஃபிளாட், எஃப்பில் அமைந்து இலகுவாக வரும். குழல்காரரிடம் அந்தக் கட்டைக்குரிய குழல் இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டையில் பாட்டு தாழும் அடிகளில் பெண்களின் குரல் மெலியும். அங்கே ஆண்கள் தாங்கட்டும். ஏறும் அடிகளைப் பெண்களிடம் விட்டுவிட்டு ஆண்கள் நிறுத்திக்கொள்ளலாம். பத்துப் பேரும் சேர்வது பல்லவிக்கு மட்டும் போதும்.

சொல் கேட்காததற்குக் காரணம், எல்லா வாத்தியமும் பாடுவோரின் மெட்டையே கூட வாசிப்பதுதான் என்று நினைக்கிறேன். வள்ளி தினைப்புனம் காப்பதைச் சொல்லும் அடி காதில் விழாவிட்டால் அந்தப் பாட்டைப் பாடியதாகவே ஆகாது. கீபோர்டு, குரல்கள் உலவும் நடு ஸ்தாயியை விட்டு இடது கையில் சட்ஜ பஞ்சமத்தை (ச, ப) பிடித்திருக்கட்டும். கிளாரினெட்டும் குழலும் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடைவெளியில் மாறி மாறிப் பதில் சொல்லட்டும். குழலின் கீழ் ஸ்தாயி பம்பைக்கு முன் நிற்காது, அதை மேல் ஸ்தாயியில் வாசிக்கச் சொல்லுங்கள். பம்பைக்காரர் மைக்குகளுக்குப் பின்னால் தள்ளி நின்று, கும்மி சுற்றி வரும் இடத்துக்குத் தன் முழு வீச்சை வைத்துக்கொள்ளட்டும். சொல் ஓடும்போது தாளத்துக்கு ஆடுவோரின் கைத்தட்டே போதும்.