ஒன்பதரை டிகிரியில் என்ன குளிர்?

அன்புள்ள அம்மா,

இத்தனை வருட டெல்லி வாழ்க்கையில் 2019 டிசம்பர் 30-ஐப் போல ஒரு குளிரைப் பார்த்ததில்லை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அன்றைய பகல் வெப்பநிலை 9.4 டிகிரி. தப்பாக நினைக்காதீர்கள், இதில் என்ன இருக்கிறது? என் பையன் டொரண்டோவில் மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நின்று வேலைக்குப் போகிறான். "டெல்லிக்காரங்க ரொம்ப அலட்டிக்கிறாங்கப்பா" என்கிறான். ஐந்து டிகிரியில் ஆள் செத்துப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்தால் எனக்கும் புரிவதில்லை. இன்னொரு விஷயம், என் மகளுக்கு டெல்லியில் எம்.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. விடுதி கிடைக்கவில்லை, மொட்டைமாடியில் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறாள். நாங்கள் பயப்பட வேண்டுமா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள ஐயா,

உங்கள் பையன் பஸ்ஸுக்கு நிற்பது மைனஸ் இருபதில்தான். ஆனால் பஸ் வந்ததும் அதற்குள் சூடு, அலுவலகத்தில் சூடு, வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் அரைக்கை பனியனோடு உட்காரலாம். வாடகை வீட்டைக் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்று டொரண்டோவில் நகராட்சி விதியே இருக்கிறது. டெல்லியில் அந்த டிசம்பர் 30 அன்று மத்தியானம் எங்கள் கூடத்தில், எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும்போது, சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 11 காட்டியது. உங்கள் பையன் குளிரைக் கடந்து வீட்டுக்குப் போகிறான். நாங்கள் அதற்குள்ளேயே சமைத்து, குளித்து, தூங்கி எழுந்தோம், இரண்டு வாரத்துக்கு மேல்.

இந்த ஊர் வீடுகள் மே மாத வெயிலுக்காகக் கட்டியவை. மெல்லிய செங்கல் சுவர், மொசைக் அல்லது மார்பிள் தரை, கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். ஜூனில் அந்தத் தரையில் வெறும் உடம்போடு படுப்பது சுகம். டிசம்பரில் அதே தரையில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு நடந்தாலும் குளிர் எலும்பில் ஏறும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகக் கிடக்கும், அது எல்லா வருஷமும்தான். அந்த வருஷம் இட்லி மாவு இரண்டு நாள் ஆகியும் அசையவில்லை. கம்பளியைச் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி வைத்தும் பொங்கவில்லை. தோசையாக ஊற்றித் தீர்த்தேன். துவைத்த துணியை நான்காம் நாள் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத்தான் உலர்த்த முடிந்தது.

இன்னொன்று, எல்லோரும் ராத்திரி வெப்பநிலையைத்தான் பார்க்கிறார்கள். செய்தியிலும் அதைத்தான் சொல்வார்கள். டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் இதுவரை பதிவானதில் மிகக் குறைந்தது 1935 ஜனவரி 16-இல் மைனஸ் 0.6. 2021 புத்தாண்டு அன்று காலை 1.1 வரை இறங்கியது. ஆனால் ராத்திரி மூன்று டிகிரிக்குப் போனாலும் பத்து மணிக்கு வெயில் வந்து மத்தியானம் இருபதைத் தொட்டுவிட்டால் டெல்லி பிழைத்துக்கொள்ளும். இங்கே ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவான ஒரே ஹீட்டர் அந்த வெயில்தான். வெயிலை "தூப்" என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போதே குரலில் ஒரு கதகதப்பு இருக்கும். ஜனவரி மத்தியானத்தில் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள், மோடா என்ற பிரம்பு முக்காலியைப் போட்டு முதுகை வெயிலுக்குக் காட்டி, வேர்க்கடலை உரித்துக்கொண்டு, ஆரஞ்சுத் தோலை மடியில் குவித்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த காட்சி அது.

2019-இல் போனது அந்த வெயில்தான். டிசம்பர் நடுவில் தாழ்வான மேகமும் மூடுபனியும் பஞ்சாபிலிருந்து உத்தரப் பிரதேசம் வரை ஒரு மூடியைப் போல வந்து உட்கார்ந்தன. வடமேற்கிலிருந்து குளிர்காற்று. சூரியன் தரையைத் தொடவே இல்லை. டிசம்பர் 30 அன்று பகலின் உச்சமே 9.4. வழக்கத்தில் பாதிகூட இல்லை. 1901-இலிருந்து பதிவு வைத்திருக்கிறார்கள், அதற்குள் டிசம்பர் மாதத்தில் இவ்வளவு குளிர்ந்த பகல் கிடையாது. மாதம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1997 டிசம்பர் மட்டும்தான் இதைவிட மோசம். நீங்கள் தேடி எடுத்த 9.4 அந்த நாளின் உச்சம் ஐயா, குறைந்தபட்சம் அல்ல.

அப்போது என் மாமியார் இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. காலையில் கிழக்கு ஜன்னல், பதினோரு மணிக்குப் பால்கனி, மூன்று மணிக்குப் பின்பக்க அறை என்று வெயில் விழும் இடத்துக்கெல்லாம் நாற்காலியை இழுத்துக்கொண்டே போவது அவர் வழக்கம். அந்த இரண்டு வாரமும் ரஜாயை, அதாவது பஞ்சு அடைத்த தடித்த போர்வையை, விட்டு வெளியே வரவில்லை. ஒரு நாள் "சூரியன் செத்துப்போச்சா என்ன?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்து டிகிரியில் ஆள் சாவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சாகிறார்கள். ஈரத் தரையில், ஒரு கம்பளியோடு, அரை வயிற்றோடு பத்து மணி நேரம் கிடந்தால் ஐந்து டிகிரி தாராளமாகப் போதும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும்போது வயதானவர்களின் இதயம் தாங்காது. பெரிய அரசு மருத்துவமனை வாசலில் பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த நோயாளிகளின் குடும்பங்கள் நடைபாதையில் பிளாஸ்டிக் விரித்துப் படுத்திருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தக் கேள்வி உங்களுக்கு வராது. 2009 டிசம்பரில் பூசா சாலையில் வீடில்லாதவர்களுக்கு இருந்த தற்காலிகக் கூடாரத்தையே மாநகராட்சி இடித்தது. விஷயம் நீதிமன்றம் போய், அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தங்குமிடங்கள் அமைக்கச் சொன்னது. ரைன் பசேரா என்று இன்று நகரம் முழுக்க இருக்கும் இரவுத் தங்குமிடங்கள் பெருகியதில் அந்த வழக்குக்குப் பங்கு உண்டு. ஆனாலும் போதவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் இன்னும் ஆட்கள் படுக்கிறார்கள்.

அதே 2019 டிசம்பர் நடுவில்தான் தெற்கு டெல்லியின் ஷாஹீன் பாகில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள், மேலே ஒரு தார்ப்பாய், கீழே விரிப்பு, ராத்திரி முழுக்க. அரசியலில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, அந்தக் குளிரை அனுபவித்த எவருக்கும் அது என்ன உறுதி என்று தெரியும்.

இதை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன், உங்கள் மகளுக்காக எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பு வாசலில் சௌகிதாருக்கு, அதாவது காவலாளிக்கு, ஒரு தகரக் கூண்டு உண்டு. அதில் ஒரு சின்ன ஹீட்டர் வைக்கலாமா, மின்கட்டணம் யார் கொடுப்பது என்று அந்த டிசம்பரில் நாங்கள் இரண்டு கூட்டம் போட்டோம். முடிவாகவில்லை. நானும் கூட்டத்தில் இருந்தேன், அழுத்திப் பேசவில்லை. மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி அவர் அங்கீட்டி என்ற கரியடுப்பில் கரி மூட்டி, கூண்டுக்குள் இழுத்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விடிகாலையில் பால்காரர் கதவைத் தட்டியதால் பிழைத்தார். இரண்டு நாள் மருத்துவமனை, அப்புறம் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஹீட்டர் மறுநாளே வாங்கினோம். எண்ணூறு ரூபாய்.

கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் டெல்லியில் சாத்திய அறைக்குள் அங்கீட்டியோடு தூங்கிய குடும்பம் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வருகிறது. காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்து. உங்கள் மகள் எந்த அறையில் தங்கினாலும் மூடிய அறைக்குள் எதையும் எரிக்கக் கூடாது. இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை. மொட்டைமாடி அறையை இங்கே பர்சாத்தி என்பார்கள். மேலே வெறும் கான்கிரீட் என்பதால் ராத்திரி நன்றாகக் குளிரும், மே மாதம் கொதிக்கும், ஆனால் மாடி முழுக்க வெயில் அவளுடையது. அறைக்குத் தெற்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், குளிர்கால சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், அந்த ஜன்னலில்தான் வெயில் உள்ளே வரும். தரைக்கு ஒரு தடித்த விரிப்பு, கதவிடுக்குக்குச் சுருட்டிய துணி, குளியலறையில் மின்சார கீசர். ரஜாயை ஊரிலிருந்து தூக்கி வர வேண்டாம், இங்கேயே பஞ்சடித்துத் தைத்துக் கொடுப்பார்கள். அக்டோபரிலேயே வாங்கிவிட வேண்டும், டிசம்பரில் விலை ஏறிவிடும்.

அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டாளா? இல்லையென்றால் எந்தப் பகுதி என்று எழுதுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.