நுண்ணுயிரியல் அறிமுகம்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரியில் சேரவிருக்கும் மாணவி): நுண்ணுயிரியல் என்றால் பாக்டீரியாவையும் வைரஸையும் பற்றிய படிப்பு மட்டும்தானா?

பதில்: இல்லை. பாக்டீரியா, ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போல உட்கரு இல்லாத வேறொரு வகை ஒற்றைச் செல் உயிர்கள்), பூஞ்சைகள், புரோட்டோசோவாக்கள் (உட்கரு உடைய ஒற்றைச் செல் உயிர்கள்), நுண்பாசிகள், வைரஸ்கள் ஆகிய அனைத்தும் இத்துறையின் எல்லைக்குள் வருகின்றன. தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: இவற்றை ஒரே துறைக்குள் சேர்த்து வைத்திருப்பது இவற்றின் சிற்றளவுதானே தவிர உறவுமுறை அன்று. ஒற்றைச் செல்லால் ஆன ஈஸ்ட் ஒரு பூஞ்சை; அதன் செல்லில் நம் செல்லைப் போலவே உட்கரு இருப்பதோடு, பரிணாம வழியில் அது பாக்டீரியாவைவிட மனிதனுக்கே நெருங்கிய உறவாகும். இந்த வேறுபாடுகள் தெளிவாகிவிட்டால், ஒரு வகையை அழிக்கும் மருந்து இன்னொரு வகையை ஏன் தொடுவதே இல்லை என்பது உட்பட, பலருக்கு இருக்கும் குழப்பங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): இவற்றை முதலில் கண்டவர் யார்? வகுப்பில் பாஸ்டரின் பெயரை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம்.

பதில்: பாஸ்டருக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவை கண்ணில் பட்டுவிட்டன. 1665-இல் ராபர்ட் ஹூக் பூஞ்சை ஒன்றின் நுண்ணமைப்பை வரைந்து வெளியிட்டார். டெல்ஃப்ட் நகரின் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்து உருவாக்கிய ஒற்றை வில்லை நுண்ணோக்கிகளின் வழியே நீரில் நெளிந்தோடிய சிற்றுயிர்களைக் கண்டு, 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விரிவாக எழுதினார். பின்னர் பல்லில் படிந்த அழுக்கிலும் அவற்றைக் கண்டார். ஆயினும் அவை எங்கிருந்து வருகின்றன, என்ன செய்கின்றன என்பவற்றுக்கு உறுதியான விடை நெடுங்காலம் கிடைக்கவில்லை. கொதிக்கவைத்த ஊட்டக் கரைசலை வளைந்த கழுத்துடைய குடுவையில் வைத்த பாஸ்டர், காற்றிலுள்ள தூசு உள்ளே சேராதவரை அதில் எந்த உயிரும் தோன்றுவதில்லை எனக் காட்டினார். குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட நுண்ணுயிரியே காரணம் என்பதை ஆந்த்ராக்ஸ் நோயில் 1876-லும், காசநோயில் 1882-லும் ராபர்ட் கோக் நிறுவினார்.

வகுப்பில் இன்னொரு பெயரையும் சொல்லுங்கள்: ஃபானி ஹெஸ்ஸே. கோக்கின் ஆய்வகத்தில் நுண்ணுயிரிகளை வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின் உடல்வெப்ப நிலையில் உருகியதோடு, சில பாக்டீரியாக்களால் செரிக்கவும்பட்டது. அங்குப் பணியாற்றிய தம் கணவரிடம், கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகரைப் பயன்படுத்துமாறு 1881-இல் சொன்னவர் இவர்தான். இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் அகரே பயன்படுகிறது; அந்த அளவுக்கு அவர் பெயர் நினைவில் நிற்கவில்லை என்பது எனக்கு வருத்தமே.

கேள்வி: பாக்டீரியாவுக்கும் ஆர்க்கியாவுக்கும் உட்கரு இல்லை. பிறகு ஏன் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள்?

பதில்: நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், நீண்டகாலம் அவற்றை ஒன்றாகவே கருதினார்கள். 1977-இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் செல்லில் புரதத்தை உருவாக்கும் அமைப்பான ரைபோசோமில் உள்ள ஆர்என்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோது, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பிற பாக்டீரியாக்களிலிருந்து வெகுதொலைவில் நிற்பது தெரியவந்தது. இவையும் இவற்றின் உறவினங்களுமே ஆர்க்கியா எனத் தனியாகப் பிரிக்கப்பட்டன. செல் சவ்வின் கொழுப்புகளிலும் வேறுபாடு உண்டு. பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான் ஆர்க்கியாவில் இல்லை. கொதிநீர் ஊற்றுகளிலும் உப்பேறிய ஏரிகளிலும் மட்டுமே ஆர்க்கியா வாழும் என்ற எண்ணமும் இப்போது மாறிவிட்டது. மண்ணிலும் கடலிலும் விலங்குகளின் குடலிலும் அவை இருக்கின்றன. மனிதருக்கு நோய் உண்டாக்குவதாக ஐயமற நிறுவப்பட்ட ஆர்க்கியா இதுவரை ஒன்றும் இல்லை.

கேள்வி (செவிலியர் பயிற்சி மாணவர்): ஆய்வக அறிக்கைகளில் வரும் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்பவற்றின் பொருள் என்ன?

பதில்: கிராம் என்பது இச்சாயமேற்றும் முறையை 1884-இல் வெளியிட்ட மருத்துவரின் பெயர். ஊதாச் சாயமும் அயோடினும் இட்டு, ஆல்கஹாலால் கழுவி, பின் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். தடித்த பெப்டிடோகிளைக்கான் சுவருடையவை ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்கின்றன, அவை பாசிட்டிவ். மெல்லிய சுவரும் அதற்கு வெளியே மேலும் ஒரு சவ்வும் உடையவை ஊதாவை இழந்து சிவப்பை ஏற்கின்றன, அவை நெகட்டிவ். அந்த வெளிச்சவ்வு பல மருந்துகள் உள்ளே புகுவதைத் தடுப்பதால்தான், சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை மருத்துவருக்கு இவ்வளவு பயன்படுகிறது. காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகுத்தன்மை உடையது. அதற்கு வேறு சாயமுறை வேண்டும்.

கேள்வி (இரு குழந்தைகளின் தாய்): சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வைரஸும் ஒரு கிருமிதானே?

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரி. சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ்கள். பெனிசிலின் போன்ற மருந்து, பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. வேறு சில ஆன்டிபயாட்டிக்குகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குகின்றன. வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. புரத உறைக்குள் மரபுப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, நம் செல்லின் கருவிகளைக் கொண்டே அது பெருகுகிறது. ஆகவே மருந்து தாக்குவதற்கான இலக்கே அங்கு இல்லை. தேவையின்றிக் கொடுத்தால், உடலில் உள்ள பாக்டீரியாக்களுள் மருந்தை எதிர்த்து நிற்பவை மட்டும் தப்பிப் பெருகும். மருத்துவர் உறுதியாக மறுத்ததற்கு நன்றி சொல்லுங்கள்.

பூஞ்சைத் தொற்றில் சிக்கல் வேறு வகையானது. பூஞ்சையின் செல் நம் செல்லை ஒத்திருப்பதால், நமக்குத் தீங்கின்றி அதை மட்டும் தாக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பது கடினம். பூஞ்சை மருந்துகள் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: அப்படியானால் வைரஸ் உயிரா, இல்லையா?

பதில்: 1935-இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாகவே பிரித்தெடுத்தார், படிகமான பின்னும் அது செடியில் நோயை உண்டாக்கியது. செல்லுக்கு வெளியே அதற்கு வளர்சிதை மாற்றம் இல்லை. செல்லுக்குள் அது பெருகுகிறது, மாறுகிறது, பரிணமிக்கிறது. செல்லை உயிரின் அடிப்படை அலகாகக் கொள்ளும் நான் அதை உயிரி எனச் சொல்லமாட்டேன். இதற்கு மாறாகக் கருதும் அறிவியலாளர்களும் உண்டு.

கேள்வி: நம் உடலில் நம் செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் இருப்பது உண்மையா?

பதில்: அது பழைய கணக்கு. 2016-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒரு மனிதரிடம் சுமார் 30 லட்சம் கோடி மனிதச் செல்களும் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் தீங்கின்றி வாழ்கின்றன.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர்): வீட்டில் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பதில்: குளத்து நீர் ஒரு துளி போதும். 100 மடங்கு உருப்பெருக்கத்திலேயே பாரமீசியம் போன்ற புரோட்டோசோவாக்கள் விரைந்து நீந்துவதையும், சிலிக்கா ஓடுடைய டயட்டம் என்னும் நுண்பாசிகளையும் காணலாம். ஈஸ்ட்டுக்கு 400 மடங்கு தேவை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில மைக்ரோமீட்டர் நீளமே உள்ளவை என்பதால், 400 மடங்கில் அசையும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் மட்டுமே தெரியும். அவற்றின் வடிவத்தை அறிய 1,000 மடங்கும், எண்ணெய் இட்டுப் பார்க்கும் வில்லையும், சாயமும் வேண்டும். வைரஸ்களைத் தேட வேண்டாம். ஒளி நுண்ணோக்கியால் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் குறைந்த நுட்பங்களைப் பிரித்துக் காட்ட இயலாது, பெரும்பாலான வைரஸ்களோ அதைவிடச் சிறியவை. முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் குவியப்படுத்திவிட்டுப் படிப்படியாகக் கூட்டுங்கள். பார்த்து முடித்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள்.