நன்றி எழுதும் பழக்கம் இரண்டு நாளில் நின்றுவிடுகிறதே, தினமும் எழுத எளிய வழி உண்டா?

படுக்கப்போகும் முன் நன்றி சொல்ல வேண்டிய பத்து விஷயங்களை எழுதச் சொன்னார்கள், இரண்டு நாள் எழுதினேன், மூன்றாம் நாள் எழுத ஒன்றுமே இல்லை, எனக்கு மட்டும்தான் இப்படியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு மட்டும் இல்லை. பத்து என்று சொன்னவரைத்தான் கேட்க வேண்டும். கண், காது, கை, கால், காற்று, சூரியன் என்று முதல் நாளே எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். இரண்டாம் நாள் குடும்பம், குழந்தைகள், வேலை. மூன்றாம் நாளுக்கு என்ன மிச்சம்? நீங்கள் வேலைக்குப் போய் வந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பத்தரைக்கு மேல் படுக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் பத்து எழுதச் சொல்வது வீட்டுப்பாடம்.

பதில் சொல்லாமல் போயிருப்பேன். ஆனால் இந்த 'நன்றி' விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு.

நான் ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனில் நிற்கிறவள். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சில வருஷத்துக்கு முன் எங்கள் மேனேஜர் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தார். மறுநாளிலிருந்து காலையில் ஷட்டர் திறக்கும் முன் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். முதல் ஆள் 'முதலாளிக்கு நன்றி' என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். அப்புறம் யார் மாற்றிச் சொல்வார்கள்? என் முறை வந்ததும் நான் யோசித்துக்கொண்டு நின்றேன். 'உட்கார ஸ்டூல் போட்டிருக்கோமேம்மா, அதுக்குச் சொல்லலாமே' என்று எடுத்துக்கொடுத்தார். 'அது சட்டம் சார்' என்றேன். 'காலங்காத்தால நெகட்டிவ்வா பேசாதம்மா' என்றார்.

சட்டம்தானே? கடைகளில் வேலை பார்ப்பவர்கள் வேலைக்கு நடுவே உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளாவில் அதற்கு முன்பே, 2018ல் வந்துவிட்டது. அதுவரை சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் முறைப்பார். காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட அக்காமார்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வந்தது நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், அதுவும் ஆடித் தள்ளுபடி சமயத்தில் இடம் அடைக்கிறது என்று குடோனுக்குப் போய்விடும். நமக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு அதற்கு நன்றியும் எதிர்பார்த்தால் எங்கே போய்ச் சொல்வது? (மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் உட்கார நேரம் கிடையாது.)

அதனால் நன்றி என்ற பேச்சை எடுத்தாலே எரிச்சல் வரும் ஆள் நான். அப்படிப்பட்டவளே இன்று தினமும் எழுதுகிறேன் என்றால் வழி எளிது என்றுதானே அர்த்தம்?

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் உண்டு. காலையில் தாள் கிழிப்பது அத்தையின் வேலை. கிழித்த தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு, கேஸ் வந்த தேதி, மாத்திரை பேர் எல்லாம் எழுதுவார். ஒருநாள் ராத்திரி நானும் ஒரு தாளை எடுத்து எழுதினேன். அன்று ஒரு கல்யாண பார்ட்டி வந்து, குவியல் குவியலாகச் சேலை பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'அப்புறம் வர்றோம்' என்று போய்விட்டார்கள். பட்டுச் சேலையை இஷ்டத்துக்கு மடிக்க முடியாது. பார்டர் மேல் பார்டர் உட்கார வேண்டும், ஜரிகை நலுங்கக்கூடாது, பழைய மடிப்பிலேயே மடிப்பு விழவேண்டும். எட்டரை மணிக்கு அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சுடிதார் செக்‌ஷன் பிள்ளை ஒன்று, யாரும் கூப்பிடாமல், எதிர்ப்பக்கம் வந்து முந்தானை நுனியைப் பிடித்தது. ஒன்றும் பேசவில்லை. மடித்து முடித்ததும் போய்விட்டது. அந்தத் தாளில் நான் எழுதியது இவ்வளவுதான்: 'சுடிதார் பிள்ளை வந்து முந்தானை பிடித்தது. அது கஸ்டமரை விட்டுவிட்டு வந்தது.'

இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போதுதான் உறைத்தது. கஸ்டமரை விட்டால் அந்தப் பிள்ளைக்கு இன்சென்டிவ் போகும். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது வாக்கியம்தான். யார், என்ன செய்தார், அதில் அவருக்கு என்ன செலவு. வாழ்க்கைக்கு நன்றி, பிரபஞ்சத்துக்கு நன்றி என்று எழுதினால் மூன்றாம் நாள் தீர்ந்துதான் போகும். மனுஷர்கள் தீரமாட்டார்கள். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்திலும் வள்ளுவர் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த உதவியைத்தான் பேசுகிறார். சமயத்தில் செய்தது உலகத்தைவிடப் பெரிது என்கிறார். அதே அதிகாரத்தில் கெட்டதை அன்றே மற என்றும் இருக்கிறதே என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். தெரியும். ஸ்டூலை நான் மறக்கிறதாக இல்லை.

மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவளிடம் சொன்னதும் 'அம்மா, இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க' என்றாள். 2005ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மேன் என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு வாரம் ஆட்களைத் தினமும் ராத்திரி நல்லதாக நடந்த மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார்களாம். அதோடு, அது ஏன் நடந்தது என்றும் எழுதவேண்டும். ஆறு மாதம் கழித்துக்கூட வித்தியாசம் தெரிந்தது, முக்கியமாக வாரம் முடிந்தும் தானாகவே தொடர்ந்தவர்களுக்கு. கவனியுங்கள், பத்து இல்லை, மூன்று. எனக்கு மூன்றும் அதிகம். ஒன்று.

பழக்கம் படிய 21 நாள் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீர்கள். லண்டனில் 2010ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வர ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள், நடுவாக 66. இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் உண்டு. ஆகவே மூன்றாம் நாள் விட்டதற்கு நீங்கள் இவ்வளவு வருத்தப்பட வேண்டாம். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு இதை ஒட்டிவைத்தால் போதும். எனக்கு காலண்டர் தாள். உங்களுக்கு போனை சார்ஜில் போடுவதாக இருக்கலாம், கதவுத் தாழ்ப்பாள் போடுவதாக இருக்கலாம். படுக்கையில் போய் விழுந்த பிறகு மட்டும் வேண்டாம், அங்கே தூக்கம்தான் ஜெயிக்கும்.

ஒன்றும் தேறாத நாளும் வரும். 'இன்னைக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வந்துச்சு' என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். அதுவும் கணக்குதான். இன்னொரு தாளில், சோறு எடுத்துப்போக மறந்த அன்று ஓர் அக்கா தன் எலுமிச்சை சாதத்தில் பாதியை டிபன் மூடியில் கொட்டி என் பக்கம் நகர்த்தியது இருக்கிறது. 'ஊறுகாய் மட்டும் தரவில்லை' என்றும் எழுதினேன். உண்மையை எழுதினால்தான் எழுத வரும்.

இன்னொன்று, முடிந்தால் அவரிடமே சொல்லிவிடுங்கள். மேடை போட்டு இல்லை, போகிற போக்கில். சுடிதார் பிள்ளையிடம் 'அன்னைக்கு உனக்கு கஸ்டமர் போச்சுல்ல' என்று கேட்டேன். 'அது வாங்குற கேஸ் இல்லக்கா' என்று சிரித்தது. அதற்குப் பிறகு என் கவுன்ட்டரில் கூட்டம் குறைந்தால் நான் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

இதனால் மனச்சோர்வு சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பலன் சின்னதுதான் என்று சொல்கிற ஆய்வுகளும் இருக்கின்றன என்று மகளே சொன்னாள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் டாக்டரிடம் போங்கள். வீட்டில் அடி உதை என்றால் அவன் செய்த நல்லதை எழுதிக்கொண்டு உட்காராதீர்கள்.

காலண்டர் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். முன்பெல்லாம் மளிகைக்கடையிலேயே கூப்பிட்டு தினசரி காலண்டர் தருவார்கள். போன வருஷம் ஒரு நகைக்கடையில், சீட்டு கட்டி முடித்துத் தோடு வாங்கிய கையோடு கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார்கள். எனக்குப் பின்னால் நெக்லஸ் வாங்கிய அம்மாவுக்கு மேஜைக்கு அடியிலிருந்து சுருட்டிய காலண்டர் வந்தது, லட்சுமி படத்தோடு. தோடு வாங்குகிறவளுக்கு ராகுகாலம் கிடையாதா? கடைசியில் ஸ்டேஷனரி கடையில் காசு கொடுத்து வாங்கினேன். பின்பக்கம் ஏதும் அச்சடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். ஜெல் பேனா வேண்டாம், தாள் மெலிசு, மை ஊறும்.

எழுதிய தாள்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு கிளிப்பில் மாட்டிவைத்து, நிறைந்ததும் பழைய பேப்பரோடு போட்டுவிடுவேன். திரும்பப் படிக்க நேரம் ஏது? பால் கணக்கு எழுதின தாளை மட்டும் அத்தை உருவி எடுத்துக்கொள்வார். பால்காரர் இன்னும் இரண்டு பாக்கெட்டுக்குக் கணக்குச் சொல்லவில்லை.