கள்ளி வளர்க்கும் பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா எதற்கு?

நீட் தேர்வில் மகளுக்கு மறுபடியும் மதிப்பெண் போதவில்லை, நிலத்தை அடமானம் வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கச் சொல்கிறார் தாய்மாமா, அவளோ மொட்டை மாடியில் கள்ளிச் செடிகளே கதி என்று கிடக்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். கவலை புரிகிறது, அம்மா. ஆனால் நிலத்தைத் தொடாதீர்கள். அவள் கேட்காத படிப்புக்கு வாங்கும் கடன், கடைசியில் அவள் தலையில்தான் விடியும்.

பல் மருத்துவம், நர்சிங் பற்றியெல்லாம் ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் அவள் தொட்டிகளைப் பற்றிப் பேசுகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒவ்வொன்றிலும் லேபிள் இருக்கிறது: பெயர், விதைத்த தேதி, வாங்கிய இடம். அழிந்துவரும் கள்ளிகளைக் காக்கும் தாவரவியல் பூங்காக்களில் வேலையே இந்தப் பழக்கத்தில்தான் தொடங்குகிறது.

2015-இல் வெளியான உலக மதிப்பீட்டில், ஆராய்ந்த 1,478 கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பது தெரிந்தது. எந்த நர்சரியிலும் கிடைக்கும் மஞ்சள் முள் உருண்டைக் கள்ளியும் அதில் ஒன்று. மெக்சிகோவின் கெரெட்டாரோ பகுதியில் அது வளர்ந்த சரிவுகளில் பெரும்பகுதி, 1990-களில் சிமாபான் அணைத் தண்ணீரில் மூழ்கிப்போனது. நர்சரிச் செடி எந்தச் சரிவின் விதை என்று யாருக்கும் தெரியாது; பூங்காச் செடிக்கோ பதிவு எண் உண்டு, சேகரித்த இடமும் தேதியும் உண்டு. பல கள்ளிகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. விதை எடுக்க, இரண்டு செடிகள் ஒன்றாகப் பூக்கும் நாள் பார்த்து, தூரிகையால் மகரந்தம் தடவி, பக்கத்து இனம் கலக்காமல் பூவை வலைத்துணியால் மூட வேண்டும். வேரில் மாவுப்பூச்சி புகுந்தால் ஒரு சேகரிப்பே போய்விடலாம். அதனால் கன்றுகளை வேறு பூங்காக்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். அமெரிக்காவின் பீனிக்ஸில் இதற்கென்றே பாலைவனப் பூங்கா இருக்கிறது. இங்கே கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகம் செரோபீஜியா என்ற அரிய காட்டுச் செடிகளை இப்படித்தான் வளர்த்துக் காக்கிறது.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல், அப்புறம் எம்.எஸ்சி., சி.எஸ்.ஐ.ஆர். நெட் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் இடம் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் கோவையிலேயே இருக்கிறது; விடுமுறையில் ஒருமுறை அழைத்துப் போங்கள். வேலை இடங்கள் குறைவுதான், முதல் சில வருடம் வருமானமும் சொற்பம். அதை அவளிடம் மறைக்காதீர்கள். உதவித்தொகை இல்லாமல் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்குவதும் வேண்டவே வேண்டாம்.

விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவள் கையால் எழுதட்டும். மாமாவை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.