35,000 ரூபா குடுத்தா ஸ்திரீபார்ட் ஆகிடலாமா?

மதுரையில இருந்து ஒரு பொண்ணு எழுதிருக்கு. வயசு 24. மூணு வருஷமா ஒரு நவீன நாடகக் குழுவுல நடிக்குது. ஓரளவு பாடும், ஆனா முறையா கத்துக்கல. இசை நாடகத்துக்கு வந்து ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம் கட்டணும்னு ஆசை. ஒருத்தர் வந்து 35,000 ரூபா குடுத்தா நாடக நடிகர் சங்கத்து கார்டு, நோட்டீஸ்ல போட்டோ, சேலை நகை செட்டு, முதல் 5 நாடகம் எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன்னு சொல்றாராம், அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம், டான்ஸ் வேஷத்துக்கு வான்னும் கூப்பிடுறாராம். "குடுக்கலாமா அக்கா? அம்மா வேற ராத்திரிப் பயணத்துக்கு பயப்படுறாங்க"ன்னு கேட்ருக்கு.

குடுக்காத. இதோட முடிச்சிடலாம், ஆனா ஏன்னு சொல்லலேன்னா இவர் போனா அடுத்தவன் 25,000க்கு வருவான், கம்மியா இருக்கேன்னு குடுத்துருவ.

இந்த இசை நாடகத்துல, அதாவது ஸ்பெஷல் நாடகத்துல, காசு எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்க. ஊர்ல கோயில் திருவிழா, விழாக் கமிட்டிக்காரங்க நாலு பேர் சங்கத்துக்கோ ஏஜெண்டுகிட்டயோ வர்றாங்க, கதாநாயகனுக்கு இந்த ராஜபார்ட் வேணும், அந்த ஸ்திரீபார்ட் வேணும், பபூன் இவர்தான் வேணும்னு தனித்தனியா பேசுறாங்க, தேதி எழுதிக்கிறாங்க, அட்வான்ஸ் குடுக்கிறாங்க. ஒரு முதலாளி ஒரு கம்பெனியா எல்லாரையும் வச்சிருந்த காலம் போயி ஆள் ஆளா பேசிக் கூப்பிடுற முறை வந்ததால தான் இதுக்கு ஸ்பெஷல் நாடகம்னே பேரு. அப்ப காசு ஊர்ல இருந்து ஏஜெண்டு வழியா உன் கைக்கு வரணும். வர்ற வழியில ஏஜெண்டு தன் பங்க எடுத்துக்குவார், அது அவர் பொழப்பு, அதுல தப்பில்ல. உன் கையில இருந்து அவர் கைக்குப் போற காசுன்னு ஒண்ணு இந்தத் தொழில்லயே கிடையாது. அப்படி ஒருத்தர் கேட்டா அவர் நாடக ஏஜெண்டு இல்ல, உன்னைய வச்சு பொழைக்கிற ஆளு.

சங்கத்து கார்டு விஷயம் இன்னும் வேடிக்கை. மதுரையில சங்கம் இருக்கிற சுண்ணாம்புக்காரத் தெரு எங்க இருக்குன்னு உனக்கே தெரியும். புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடின்னு மத்த ஊர்லயும் சங்கம் இருக்கு. நேரா போ. சந்தா என்னவோ அதக் கட்டு, ரசீது வாங்கு. புதுசா வர்றவங்கள யாராவது தெரிஞ்ச கலைஞர் ஒருத்தர் சொல்லி சேர்த்து விடுறது வழக்கம், அந்த ஒருத்தர் உனக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தவரா இருந்தா தான் மதிப்பு. தெருவுல நிக்கிறவன் சேர்த்து விட்டா கார்டு கிடைக்கலாம், தேதி கிடைக்காது, ஏன்னா ஊர்க்காரங்க கார்டு பாத்தா ஆள் எடுக்கிறாங்க? போன வருஷம் பக்கத்து ஊர்ல பாடுன தொண்டைய கேட்டுட்டுல்ல எடுக்கிறாங்க.

தொண்டைன்னு வந்ததும் சொல்லிடுறேன், உன் பிரச்சனை 35,000 ரூபா இல்ல, சுருதி. நீ நவீன நாடகத்துல நாப்பது நாள் ஒத்திகை பாத்து, டைரக்டர் சொன்ன இடத்துல நின்னு, வெளிச்சம் விழுந்ததும் பேசி பழகிருப்ப. இங்க டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. நீ வள்ளியா நின்னா உனக்கு முருகனா வரப்போறவர நீ முதல் தடவை பாக்குறதே கொட்டகைக்குப் பின்னாடி மேக்கப் போடுற இடத்துலயா இருக்கும், வணக்கம் சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மேடையில அவரோட சண்டை போடணும், தர்க்கம் பண்ணணும், கல்யாணம் பண்ணணும், எல்லாம் பாட்டுல. ஆர்மோனியக்காரர் ஒரு கட்டைய, அதாவது சுருதி அளவ, புடிச்சா ராத்திரி பூரா அது தான். செல்போன்ல ட்ராக் போட்டுப் பாடுறப்ப உனக்கு ஏத்த மாதிரி இறக்கிக்கலாம், இங்க எனக்கு அரைக் கட்டை இறக்குங்கண்ணேன்னு கேட்டா ராஜபார்ட்டு முறைப்பார். மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசைக்கும் கேக்கணும்னு உச்சியில பாடுனாங்க, அந்தக் காலத்து நாடக நடிகர் கிட்டப்பா அதுக்குத் தான் பேர் போனவரு. மைக் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த உச்சி மேல ஜனங்களுக்கு இருக்கிற ஆசை போகல. உன் குரல் அஞ்சு கட்டையில ஒரு மணி நேரம் நிக்குதா, அஞ்சரைக்குப் போனா கிழியுதான்னு முதல்ல பாரு.

அடுத்து தர்க்கம். வள்ளி திருமணத்துல தினைப்புனத்துல நின்னு நீ குருவி விரட்டி ஆலோலம் பாடுறது வரைக்கும் யார் வேணா மனப்பாடம் பண்ணிடலாம். அதுக்கப்புறம் நாரதர் வந்து கேள்வி கேக்க ஆரம்பிப்பார் பாரு, அங்க தான் ஸ்திரீபார்ட் யாருன்னு தெரியும். பெண்ணுக்கு என்ன பெருமை, நீ யார் மகள், இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்னு எங்க வேணா போவார், புதுப் பொண்ணுன்னு தெரிஞ்சா வேணும்னே சில பேர் ஆழம் பாப்பாங்க. பதில் தெரியலன்னா பாட்டால சமாளிக்கணும், பாட்டும் தெரியலன்னா முன்வரிசையில உக்காந்திருக்கிற பெருசுங்க எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிடும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்சது தான் அடித்தளம், அவர் 1922ல போயிட்டார், நூறு வருஷமா ஒவ்வொரு வாத்தியாரும் அதுல தன் சரக்கையும் சேர்த்து வச்சிருக்காங்க. அது அச்சடிச்ச புத்தகத்துல பாதி கூட இருக்காது, வாத்தியார் வாயில தான் இருக்கு.

அதனால ஒரு வாத்தியார புடி. வயசான ஆர்மோனியக்காரரா இருக்கலாம், மேடைய விட்டு இறங்குன ஸ்திரீபார்ட் அம்மாவா இருக்கலாம். ஒரே ஒரு நாடகம், வள்ளி திருமணம், அத முழுசா கத்துக்க. அது தான் அதிகமா நடக்கிறது. பவளக்கொடி, கோவலன், அரிச்சந்திராவோட மயான காண்டம் எல்லாம் பிறகு. உனக்கு நடிப்பு தெரியும்கிறதால சந்திரமதி வேஷம் ஒரு நாள் உனக்குக் கை குடுக்கும், ஆனா அதுல ஆரம்பிக்காத.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், காசே குடுக்கக் கூடாதுன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, வாத்தியாருக்குக் குடுக்கிறது. இதக் குழப்பிக்கிட்டு ஏமாந்த பொண்ணுங்க நிறைய, அதனால கொஞ்சம் பொறுமையா கேளு. வாத்தியாருக்கு தட்சிணை குடுக்கணும், குடுக்காம கத்துக்கிறது பாவம், அந்த மனுஷங்களுக்கு வேற வருமானமும் இல்ல. ஆனா அது பாட்டு கத்துக்கிறதுக்குக் குடுக்கிற காசு, நாடகம் கிடைக்கிறதுக்குக் குடுக்கிற காசு இல்ல. எப்படி பிரிச்சுப் பாக்குறது? மாசா மாசமோ வாரா வாரமோ வாங்குனா அது தட்சிணை, மொத்தமா முன்னாடியே கேட்டா சந்தேகப்படு. நீ போற அன்னைக்கு அவர் ஆர்மோனியப் பொட்டிய எடுத்து வச்சு உக்காந்தா அது பாடம், போனையே பாத்துக்கிட்டு பெரிய பெரிய ஆர்ட்டிஸ்ட் பேரா சொல்லிக்கிட்டு இருந்தா அது பாடம் இல்ல. மூணு மாசத்துல உனக்கு எத்தனை பாட்டு வந்திருக்குன்னு விரல் விட்டு எண்ண முடியணும். சரி, வாத்தியாரே ஏஜெண்டாவும் இருந்தா? இருக்காங்க, நல்லவங்களும் இருக்காங்க. அப்ப பாடத்துக்குத் தனி காசு, நாடகத்துக்குத் தனிக் கணக்குன்னு முதல் நாளே பேசிடு, அரங்கேற்றத்துக்குன்னு ஒரு தொகை கேட்டா அது யாருக்கு, பக்கவாத்தியத்துக்கா, பந்தலுக்கான்னு கேளு, வாயாடின்னு நினைச்சா நினைக்கட்டும். அரங்கேற்றத்துக்கு புடவை வச்சு வெத்தலை பாக்கு வச்சு தட்டுல குடுக்கிறது வேற. அது உன் மனசு. நான் என் வாத்தியாருக்கு வேட்டி துண்டு தான் வச்சேன், அவர் அதுக்கே கண்ணு கலங்குனார்.

டான்ஸ் வேஷம் பத்தி. டான்ஸ் போடுற பொண்ணுங்கள நான் குறைச்சு சொல்ல மாட்டேன், பத்து மணிக்கு பபூனும் டான்ஸும் தூக்கி நிறுத்தலேன்னா பன்னெண்டு மணிக்கு மேல கதை பாக்க ஆளே இருக்காது. ஆனா கொஞ்ச நாள் டான்ஸ் போட்டுட்டு அப்புறம் ஸ்திரீபார்ட்டுன்னு சொல்றது பெரும்பாலும் பொய். நோட்டீஸ்ல ஒரு தடவை டான்ஸ்னு போட்டோ வந்துருச்சுன்னா ஊர்க்காரன் மனசுல அது தான் நிக்கும். ஏஜெண்டுக்கு டான்ஸுக்குப் புது முகம் எப்பவும் வேணும், ஆடத் தெரிஞ்சா போதும், ஆறு மாசம் பாடம் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. அவசரம் அவருக்குத் தான், உனக்கு இல்ல.

இந்த ஆளுங்க எல்லாரும் ஒரு கதை சொல்வாய்ங்க, கே.பி. சுந்தராம்பாள் ரயில்ல பாடிக்கிட்டிருந்த புள்ளை தானே, ஒருத்தர் கண்ணுல பட்டு ராணி ஆகலையான்னு. பட்டது நெசம். பட்டதுக்கப்புறம் கம்பெனியில சேர்ந்து சின்னப் புள்ளை வேஷம் கட்டி, கடல் தாண்டி இலங்கையில வருஷக்கணக்கா மேடையில நின்னதுக்கப்புறம் தான் கிட்டப்பாவுக்கு ஜோடி. அந்த நடுவுல உள்ள கதைய எவனும் சொல்ல மாட்டான், சொன்னா 35,000 எப்படி கேக்குறது.

இன்னொரு வலை, இது சேர்ந்ததுக்கு அப்புறம் வரும். சீசன் மாசி பங்குனியில சூடு புடிச்சு ஆடி வரைக்கும் ஓடும், அப்புறம் மாசக்கணக்கா தேதி கம்மி. அந்த நேரம் ஏஜெண்டு வந்து, பாப்பா கஷ்டமா இருக்கா, இந்தா வச்சுக்கன்னு முன்பணம் நீட்டுவார். வாங்காத. கொலுச வித்துத் தின்னாலும் சரி, வாங்காத. வாங்குனா அடுத்த சீசன் பூரா அவர் சொன்ன தேதி, அவர் சொன்ன சம்பளம். நான் ரெண்டாவது வருஷம் வாங்குனேன், அத அடைக்க நாலு சீசன் ஆச்சு, அந்த நாலு சீசனும் எனக்கு வந்த நல்ல தேதி எல்லாத்தையும் அவர் வேற ஆளுக்குக் குடுத்தார், கேட்டா கணக்கு நோட்ட காட்டுவார்.

தேதிய நீயே ஒரு டைரியில எழுது, ஊர், நாடகம், பேசுன சம்பளம், வாங்குன அட்வான்ஸ். ஒரு ராத்திரிக்கு ரெண்டு ஊர் ஒத்துக்காத. மீதிச் சம்பளத்த முகத்துல பவுடர் போடுறதுக்கு முன்னாடி வாங்கிடு, விடிஞ்சதும் கமிட்டி ஆளுங்கள தேடுனா கோயில் மாடு தான் நிக்கும்.

அப்புறம் போலீஸ் பர்மிஷன். இத நினைச்சாலே எனக்கு வயிறு எரியும். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது, திருவிழா விசேஷம்னு அரசாங்கம் மனசு வச்சா வருஷத்துல 15 நாள் வரைக்கும் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் விடலாம். எங்க நாடகம் ஆரம்பிக்கிறதே பத்து மணிக்கு, முடியிறது விடியக்காலம், அதாவது தடை இருக்கிற நேரமும் நாடகம் நடக்கிற நேரமும் கச்சிதமா ஒண்ணு. வள்ளி வர்றதுக்குள்ள பன்னெண்டு தாண்டிடும், முருகன் கல்யாணம் பண்றதுக்கு சட்டப்படி நேரமே கிடையாது. இதச் சொல்லி மனு குடுக்காத ஆபீஸ் இல்ல. ஒரு பக்கம் கலைமாமணி குடுக்கிறாங்க, பாரம்பரியக் கலைங்கிறாங்க, இன்னொரு பக்கம் ஆடல் பாடல் நிகழ்ச்சியையும் எங்களையும் ஒரே தட்டுல வச்சு ஸ்டேஷன்ல நிக்க வைக்கிறாங்க. சில ஊர்ல இன்ஸ்பெக்டர் நல்லவரா இருந்தா விடியும், இல்லேன்னா பாதியில மைக்க புடுங்கிட்டுப் போயிடுவாங்க. உனக்கு இதுல என்னன்னா, பர்மிஷன் வாங்கியாச்சான்னு தேதி பேசும் போதே கேளு, நாடகம் பாதியில நின்னா சம்பளம் முழுசா உண்டான்னும் கேளு. கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிஞ்சுக்கணும். அதுக்கும் ஒரு ப்ரோக்கர் வருவான். ஃபாரத்த நீயே பூர்த்தி பண்ணு, அலையணும், ஒரு தடவைக்கு நாலு தடவை சார் இல்ல மேடம் இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க, எரிச்சலா இருக்கும், இருந்தாலும் நீயே போ.

உங்க அம்மா பயப்படுறது நியாயம் தான். ஆரம்பத்துல ஒரு வருஷம் அவங்களையும் கூட்டிக்கிட்டே போ, எங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் வந்தோம், அம்மா மேக்கப் பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருப்பாங்க. போறதும் வர்றதும் எல்லாரும் சேர்ந்து போற வேன்ல மட்டும், ஏஜெண்டு பைக்குல, கமிட்டித் தலைவர் கார்லன்னு தனியா ஏறாத, விடிஞ்சு டீ குடிச்சுட்டு கிளம்புனாலும் சரி. அதுக்கு முன்னாடி, வர்ற பங்குனியில பக்கத்து ஊர் நாடகம் ஒண்ணுக்கு அம்மாவ கூட்டிட்டுப் போயி விடிய விடிய பாக்க வை. நீயும் நாரதர் கேக்குற கேள்விய எல்லாம் போன்ல பதிவு பண்ணிக்க.

நோட்டீஸ் போட்டோ அந்த ஆள் எடுத்துக் குடுக்க வேண்டியதில்ல, பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய பூ வச்சு நல்ல ஸ்டூடியோவுல நீயே எடுத்து வச்சுக்க. ஒண்ணு மட்டும் மறந்துடாத, நோட்டீஸ்ல போட்டோவுக்குக் கீழ போன் நம்பரும் அடிப்பாங்க, ஊர் பூரா சுவத்துல ஒட்டுவாங்க, ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் எவனெவனோ கூப்பிடுவான். தனி சிம் ஒண்ணு வாங்கி அந்த நம்பர குடு, அந்தப் போன அம்மா கையில குடுத்துடு.